ஒண்ணரை மீட்டர் நூல்

பின் சீட்டு வேண்டாம்ப்பா, நான் முன்னாடியே உக்காந்துக்கறேன். பின்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்தும். பெட்டியை வேணா பின்னாடி போட்டுக்கோ. அந்த ஃபைல் கட்டை மட்டும் என் மடியில கொடு. பாத்து, பாத்து. அது இல்லைன்னா நான் இவ்வளவு தூரம் ரயிலேறி வந்ததுக்கே அர்த்தம் இல்லை.

பதினோரு மணிக்கு என்கொயரி. கூத்தன்விளை சப்ஸ்டேஷன் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? ஒண்ணேகால் மணி நேரமா? அப்ப விரட்டாதே. நான் போகாம அவங்க ஆரம்பிக்கப் போறதில்லை. என் ஸ்டேட்மென்டுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.

நான் யாருன்னு உனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. ஸ்டேஷன்ல 'நீலமேகம், ஓய்வு'ன்னு அட்டையில எழுதிப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அதைப் பாத்தா ஏதோ பென்ஷன் வரலைன்னு மனு கொடுக்க வந்தவன்னுதான் எவனும் நினைப்பான். மின்வாரியத்துல டிசைன் பிரிவு. முப்பத்தோரு வருஷம். சப்ஸ்டேஷனுக்கு என்னென்ன சாமான் வாங்கணும், ஒவ்வொண்ணும் எந்த அளவுல இருக்கணும்னு எழுதிக் கொடுக்கிறது என் வேலை. கம்பி வேலிக்குள்ள பழுப்புக் கலர்ல பீங்கான் தூணா நிக்குமே, தட்டுத் தட்டா, பாத்திருப்பே. இன்சுலேட்டர். என் கையெழுத்து இல்லாம அதுல ஒண்ணைக் கூட எங்கயும் நட்டதில்லை. ரிடையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் என்னைத்தான் கூப்பிடறாங்க. ஏன்னா எனக்கப்புறம் வந்தவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

இது வாடகை வண்டிதானே? பேச மாட்டேங்கிறியே. சரி, பேசாம ஓட்டறதும் நல்லதுதான். சென்னையில ஒருத்தன் இருந்தான், வண்டி எடுத்ததும் அவன் மச்சான் கதையை ஆரம்பிச்சிடுவான்.

இன்னிக்கு எதுக்குப் போறேன்னா, ரெக்ஸ்லின்னு ஒரு பொண்ணு. அந்த சப்ஸ்டேஷனுக்கு உதவிப் பொறியாளர். போன மாசம் அங்க ஒரு சி.டி. வெடிச்சிடுச்சு. சி.டி.ன்னா உனக்குப் புரியாது, கரண்டை அளக்கற சாமான், ஆள் உயரத்துக்கு மேல பீங்கான், உள்ள எண்ணெய். ஒரு ஆபரேட்டருக்குக் கண்ணு போச்சு. சரியா பராமரிக்கலைன்னு அந்தப் பொண்ணை சஸ்பெண்ட் பண்ணியாச்சு. அவ என்ன சொல்றா தெரியுமா? பராமரிப்புல குறை இல்லை, வாங்கின இன்சுலேட்டரே இந்த ஊருக்கு ஆகாது, அளவு எழுதினவர் தப்பா எழுதிட்டார்ங்கிறா. எழுதினவர் யாரு? நான். வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகலை, என்னைச் சொல்றா.

இன்னிக்கு நான் அளவு சரின்னு எழுதிக் கொடுத்தா அவ வேலை போயிடும். அதைச் சொல்லி போன வாரம் எங்க வீட்டுக்காரி கூட, பாவம், சின்னப் பொண்ணு, பாத்துச் செய்யுங்கன்னா. பாத்துச் செய்ய இதென்ன கல்யாணச் சாப்பாடா? வேலை தெரியாதவ வீட்டுக்குப் போறா. அவ்வளவுதான்.

ஏன் நிறுத்தறே?

கண்ணாடி துடைக்கவா? இப்பதானே கிளம்பினோம். சரி, துடை. ஈரத்துணியெல்லாம் தயாரா வெச்சிருக்கியே. நான் சென்னையில வாரத்துக்கு ஒரு தடவை காரைக் கழுவறேன், அதுவே பளபளன்னு இருக்கும். இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு வேலையை இழுக்கறதுக்கு ஒரு சாக்கு வேணும்.

ம், போகலாம்.

எங்க விட்டேன்? அளவு. உனக்குப் புரியற மாதிரியே சொல்றேன், வழி நீளமா இருக்கு. அந்தப் பீங்கானோட உச்சியில கரண்டு. அடியில பூமி. நடுவுல ஏன் தட்டுத் தட்டா வெச்சிருக்கோம்? உச்சியிலேருந்து ஒரு எறும்பு பீங்கான் மேலயே ஊர்ந்து, ஒவ்வொரு தட்டுலயும் ஏறி இறங்கி அடிக்கு வரணும்னா எவ்வளவு தூரம் நடக்கணுமோ, அந்தத் தூரம்தான் கணக்கு. க்ரீப்பேஜ்னு பேரு. பீங்கான் மேல அழுக்குப் படிஞ்சு, அதுல பனி இறங்கி ஈரமாச்சுன்னா, அந்த எறும்பு நடக்கற வழியிலேயே கரண்டும் நடந்து வந்துடும். வழி நீளமா இருந்தா வராது. அதனால ஊரைப் பாத்து, அங்க காத்துல என்ன அழுக்கு இருக்குன்னு பாத்து, ஒரு கே.வி.க்கு, அதாவது ஆயிரம் வோல்ட்டுக்கு, இத்தனை மில்லிமீட்டர்னு எழுதணும். காத்து சுத்தமா இருக்கிற ஊருக்கு இருபது. அழுக்கா இருந்தா இருபத்தஞ்சு. ரொம்ப மோசம்னா முப்பத்தொண்ணு.

இந்தக் கூத்தன்விளைக்கு எழுதறதுக்கு முன்னாடி நானே நேர்ல வந்து பாத்தேன். அதைக் கவனிச்சுக்கோ. மத்தவனா இருந்தா ஆபீஸ்லயே உக்காந்துக்கிட்டு, போன தடவை ஈரோட்டுக்கு எழுதினதை அப்படியே எடுத்து ஊர்ப் பேரை மாத்திக் கொடுத்திருப்பான். நான் வந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, கார்த்திகை மாசம். முதல் நாள் நல்ல மழை. காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து. சப்ஸ்டேஷன் கட்டப் போற இடத்துக்குப் பக்கத்துல கண்ணுக்கெட்டின வரைக்கும் ஏரி. தண்ணி ததும்பி நிக்குது. வெள்ளையா, கால் நீளமா பறவைங்க கூட்டம் கூட்டமா வந்து இறங்குது. மத்தியானம் நல்ல வஞ்சிரம் மீன் வறுத்துப் போட்டாங்க. சாப்பிட்டுட்டு உக்காந்து எழுதினேன். அருகில் நன்னீர் ஏரி, காற்றில் மாசு குறைவு. நியாயமா இருபது போதும். போனா போகுதுன்னு கூட அஞ்சு போட்டு இருபத்தஞ்சுன்னு எழுதினேன். இருநூத்தி நாப்பத்தஞ்சு கே.வி.க்கு ஆறு மீட்டர் சொச்சம் வரும்.

அன்னிக்கே அந்தப் பொண்ணு ஆரம்பிச்சா. சார், இப்பப் பாத்துட்டு எழுதாதீங்க, பங்குனியில ஒரு தடவை வந்து பாருங்க சார்னா. என்னமோ கோயில் கொடைக்குக் கூப்பிடற மாதிரி. எனக்கு வேற வேலை இல்லையா? பத்து மாவட்டத்துக்கு எழுதறவன், ஒரே ஊருக்கு மாசா மாசம் வந்து பாத்துக்கிட்டு இருப்பேனா? ஏம்மா, தண்ணி என்ன பங்குனியில நடந்து வேற ஊருக்குப் போயிடுமான்னு கேட்டேன். கூட வந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. சிரிக்கத் தெரியாதவங்களை வெச்சுக்கிட்டு வேலை வாங்கறது கஷ்டம்.

அப்புறம் ரெண்டு வருஷத்துல சாமானெல்லாம் வந்து நட்டாச்சு. கரண்டு கொடுக்கறதுக்கு பத்து நாள் இருக்கும். என் பேருக்கு ஒரு கவர் வருது. உப்பலா இருக்கு. பிரிச்சா உள்ள என்ன தெரியுமா? நூல். வலை பின்ற பச்சை நைலான் நூல். நான் சொல்றது சத்தியம். சப்ஸ்டேஷன் டிசைன் பிரிவுக்கு ஒரு இன்ஜினியர் நூல் அனுப்பறா.

கூடவே லெட்டர். ஏணி போட்டு, ஒருத்தர் உச்சியில நூலோட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொருத்தர் ஒவ்வொரு தட்டுலயும் உள்ள அழுத்தி வெளிய இழுத்துக் கீழ வரைக்கும் அளந்தாங்களாம். ரெண்டு பேரு. சர்க்கார் சம்பளத்துல. பீங்கானுக்கு நூல் சுத்தற இவளுக்கு, இன்னொரு முனையைப் பிடிக்கறதுக்கும் ஒரு முட்டாள் கிடைச்சிருக்கான் பாரு அந்த ஊர்ல. நூல்ல ரெண்டு முடிச்சு. முதல் முடிச்சு வரைக்கும் இருக்கிறது நீங்க கொடுத்தது, கடைசி முடிச்சு வரைக்கும் இருக்கணும் இந்த ஊருக்கு, நடுவுல ஒண்ணரை மீட்டர் குறையுது, தயவுசெஞ்சு மாத்துங்க சார்னு லெட்டர்ல கெஞ்சியிருந்தா.

ஒண்ணரை மீட்டர் நூலுக்கு ஒரு லெட்டர். செக்ஷன் மொத்தமும் பாத்துச் சிரிச்சோம். ஒருத்தன் அந்த நூலை வெச்சு என் டிபன் கேரியருக்குக் க்ரீப்பேஜ் அளந்தான். மதியம் வரைக்கும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

பதிலா? எதுக்குப் பதில் போடணும். என் பேருக்கு வந்த கவர்தானே, தபால் ரிஜிஸ்டர்ல நம்பர் ஏறலை. நம்பர் ஏறாத லெட்டர் ஆபீசைப் பொறுத்தவரைக்கும் வரலைன்னுதான் அர்த்தம். இதெல்லாம் வேலையில இருந்தவனுக்குத்தான் புரியும். மூணாவது மாடியிலேருந்து அஞ்சாவது மாடிக்கு ஆபீசை மாத்தினப்போ அது எங்க போச்சோ. அவகிட்ட காப்பி இருக்காம். காப்பியை யார் வேணா இன்னிக்கு ராத்திரி அடிச்சு பழைய தேதி போட்டுக்கலாம். அதையும் ஸ்டேட்மென்ட்ல எழுதியிருக்கேன், மூணாவது பக்கம். விபத்துக்கு முன் இது குறித்து எந்தத் தகவலும் களத்திலிருந்து டிசைன் பிரிவுக்கு வந்து சேரவில்லை. எப்படி? ஒரு வரி. அந்த ஒரு வரியில அவ முடிஞ்சா.

நூல் எங்கயும் போகலை. ஒரு சாமானையும் நான் வீணாக்க மாட்டேன். என் மேஜை டிராயர்லயே கிடந்தது, ரிடையர் ஆனப்போ மத்த சாமானோட வீட்டுக்கு வந்துடுச்சு. நேத்து ஃபைலுக்குக் கட்டற நாடா அறுந்து போச்சு, இதைத்தான் எடுத்துக் கட்டினேன். இதோ, பாரு. என்ன நூல், இழுத்தாலும் அறுகாது. அந்தப் பொண்ணால போர்டுக்குக் கிடைச்ச ஒரே உபகாரம் இதுதான்.

ரோட்டைப் பாத்து ஓட்டு. நூலை என்ன பாக்கறே.

மறுபடியும் ஏன் நிறுத்தறே? இப்பதானே துடைச்சே. அரை மணி கூட ஆகலை. என்ன இது, வெள்ளையா படலமா. என் மூக்குக்கண்ணாடியில கூட. ஜன்னலைத் திறந்து வெச்சு ஓட்டினா இப்படித்தான் தூசி. துடைச்சுட்டு வா.

என்ன சொன்னே? தூசி இல்லையா?

உப்பா. சரி, கடற்கரைன்னா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் இருபத்தஞ்சு போட்டேன். கிளம்பு, நேரமாகுது.

அந்த ஆபரேட்டர், அவன் பேரு என்ன, சுடலைமணி. காலையில அஞ்சரை மணிக்கு, பனி மூட்டத்துல, யார்டுக்குள்ள போகச் சொன்னது யாரு? சி.டி. கிர்ருனு சத்தம் போட்டுச்சாம், நீலமா வெளிச்சம் ஓடிச்சாம், என்னன்னு பாக்கப் போனானாம். போய்ப் பாத்தா மட்டும் நின்னுடுமா? பீங்கான் சில்லு பறந்து கண்ணுல அடிச்சிடுச்சு. இதுக்கெல்லாம் மூல காரணம் அவ ஒழுங்கா இன்சுலேட்டரைத் துடைக்காததுதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை துடைக்கணும்னு அட்டவணை இருக்கு. இவ என்னடான்னா பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை துடைக்கணும், கரண்டை நிறுத்திக் கொடுங்கன்னு கேட்டுக் கேட்டு எல்லார் உயிரையும் எடுத்திருக்கா. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை குளிப்பாட்டறதுக்கு அதென்ன கைக்குழந்தையா? மேலேருந்து நிறுத்த முடியாதுன்னுட்டாங்க. சரியாத்தான் சொன்னாங்க.

என்ன? ஏதோ முணுமுணுக்கறியே.

அதெப்படி முரண்பாடு? துடைக்கலைன்னும் சொல்றேன், துடைக்க விடலைன்னும் சொல்றேனா? ஏம்ப்பா, நீ வண்டி ஓட்டறவன். இதெல்லாம் ஃபைல் படிச்சவங்க பேசற விஷயம். விட்டா நீயே என்கொயரி நடத்துவே போலிருக்கே.

சுடலைமணியைத் தெரியுமா உனக்கு?

நீதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனியா. எதுல? இதே வண்டியிலயா. அப்ப இது வாடகை வண்டி இல்லை. அந்த சப்ஸ்டேஷன் வண்டியா இது? முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. நான் கேட்டேனே. வாடகை வண்டிதானேன்னு கேட்டப்போ நீ வாயே திறக்கலை.

எங்க உக்கார வெச்சே அவனை?

இந்த சீட்டுலயா.

சரி. அதுக்கு நான் என்ன பண்ண முடியும். யாரோ ஒருத்தர் எங்கயாவது உக்காரத்தான் செய்வாங்க. சீட்டைக் கழுவியிருப்பே.

அது என்ன அங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம்? வெள்ளை வெள்ளையா குவிச்சு வெச்சிருக்கு. சுண்ணாம்பா? கண்ணு கூசுது. ஆளுங்க வேற தலையில கூடையோட போறாங்க. எவ்வளவு தூரத்துக்கு இருக்கு, முடிவே இல்லாம.

உப்பளமா. உப்பளம்னா கடலை ஒட்டித்தானே இருக்கும். இங்க ஒரு ஏரி இருக்கணுமே. நான் பாத்தேனே. சப்ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே, தண்ணி ததும்ப. அந்தக் கோபுரத்தை அடையாளம் வெச்சிருந்தேன், அதோ அந்த மாதா கோயில் கோபுரம், அதுக்கு இந்தப் பக்கம் ஏரி.

இதேவா?

மழைக்காலத்துல பாத்தி எல்லாம் மூழ்கிக் கிடக்குமா. தை பொறந்ததும் தண்ணியை வடிச்சிட்டு உப்பு விளைவிப்பாங்களா. புரட்டாசி வரைக்குமா. அடிக்கிற காத்துல அத்தனையும் பறந்து வந்து... ம்.

இப்ப என்ன மாசம்?

பங்குனி.

எனக்கு யாரும் சொல்லலையே. விவரமா சொல்லணும்ல. பங்குனியில வாங்கன்னா என்ன அர்த்தம். சார், இது உப்பளம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? லெட்டர்ல எழுதியிருந்தாளா? இருக்கலாம். நூலைப் பாத்துட்டு சிரிச்சதுல லெட்டரை நான் முழுசா படிக்கலை. அதை விடு. ஸ்டேட்மென்ட் டைப் அடிச்சு கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே மாத்தினா, முப்பத்தோரு வருஷமா எழுதினது அத்தனையும் இவன் எப்படிப் பாத்து எழுதியிருப்பானோன்னு பேசுவாங்க. ஒரு பொண்ணு வேலைக்காக நான் என் பேரைக் கொடுக்க முடியாது. நீயே சொல்லு, முடியுமா?

நீ ஏன் நூலையே பாக்கறே. அப்பவே சொன்னேன்.

என்னது, தகரமா? ஆமா, முனையில ஒரு தகரத் துண்டு தொங்குது. கட்டுக்குள்ள செருகி வெச்சிருந்தேன். அதுக்கென்ன?

கேபிளுக்குக் கட்டற அடையாளத் தகடா. எழுத்துக் குத்தியிருக்கா? எனக்குக் கிட்டப் பார்வை சரியில்லை. நீ படி. வேண்டாம், நீ ஓட்டு, நானே பாக்கறேன். சி.டி., ஆர் ஃபேஸ். கூத்தன்விளை. தேதி. நாலு வருஷத்துக்கு முந்தின தேதி. அடியில மில்லிமீட்டர்ல நம்பர், ஆறு ஒண்ணு ரெண்டு அஞ்சு. அப்புறம் ஏழு அஞ்சு ஒன்பது அஞ்சு.

இதைக் குத்தினது நீயா?

நூலோட அந்த முனையைப் பிடிச்சதும் நீதானா?

நான் முட்டாள்னு சொன்னது உன்னை இல்லைப்பா. அது பொதுவா சொன்னது. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. உங்க பேரு என்ன? இவ்வளவு நேரம் கேக்கவே இல்லை பாருங்க. சவரிமுத்துவா. சவரிமுத்து, ஒரு ரெண்டு நிமிஷம் வண்டியை ஓரமா நிறுத்துங்க. கண்ணாடி வேணா துடைச்சுக்குங்க, நான் ஒண்ணும் சொல்லலை. இந்த முடிச்சைப் பிரிச்சிடறேன். நேத்து இறுக்கிக் கட்டிட்டேன், நகத்துக்கு வர மாட்டேங்குது. நைலான் இறுகிடுச்சுன்னா இதான். உங்ககிட்ட கத்தி இருக்கா? பிளேடு? வண்டியில ஒரு கட்டிங் பிளேயர் கூடவா இல்லை? தகடு குத்தத் தெரிஞ்சவரு, பிளேயர் இல்லாமயா இருப்பீங்க?

ஏன் நிறுத்த மாட்டேங்கிறீங்க. பதினோரு மணி ஆகட்டுமே. ரயில் லேட்டுன்னு சொல்லிக்கலாம்.

இதுவா கேட்? அதுக்குள்ள வந்துடுச்சா. திறந்தே வெச்சிருக்காங்களே. வாசல்ல அத்தனை பேரு நிக்கறாங்க. அந்த நீலச் சேலை யாரு, ரெக்ஸ்லினா? அவங்கதானா. இளைச்சுப் போயிட்டாங்க. என் பக்கத்துக் கதவுக்கே வர்றாங்களே. நீங்க இறங்காதீங்க சவரிமுத்து, கொஞ்சம் இருங்க.

இல்லைம்மா, பரவாயில்லை. கனம் ஒண்ணும் இல்லை, நானே கொண்டு வர்றேன். வேண்டாம்மா, கையை நீட்டாதீங்க, நானே எடுத்துக்கறேன்.

சவரிமுத்து, அவங்க எதைப் பாக்கறாங்க? ஃபைலையா, நூலையா?